பி.ஏ. பிரெஞ்சு

பட்டப்படிப்பில் என்ன பாடம் எடுத்தீர்கள் என்று கேட்பவர்களிடம் "பிரெஞ்சு" என்று சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். வெளியூர்க்காரராக இருந்தால், "அப்படியா! அப்ப எம்பசி வேலையா பார்த்தீங்க?" என்பார். புதுச்சேரிக்காரராக இருந்தால், "பள்ளிக்கூடத்திலயே பிரெஞ்சுலதானே படிச்சீங்க, காலேஜிலயும் எதுக்கு அதையே எடுத்தீங்க?" என்பார். இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதற்கு ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு பதில் சொல்லி வந்திருக்கிறேன். முப்பது வயதில் கோபமாகச் சொன்னேன். நாற்பதில் சிரித்து மழுப்பினேன். இப்போது எழுபத்து நாலு வயதாகிறது. பதவி உயர்வுக்கும் பயமில்லை, பரிகாசத்துக்கும் பயமில்லை. ஆகவே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்தது 1951. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது எனக்கு மூன்று வயது. 1956-ல் இரண்டு அரசாங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு விதமாக முடிவு செய்யும் வரை இங்கே பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று அதில் ஒரு ஷரத்து உண்டு. என் அப்பா அந்த ஒரு வரியை நம்பியவர். ரோடியர் மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். "கவர்மெண்டே எழுதிக் கொடுத்திருக்குடா" என்பார். அந்த எழுத்தை நம்பித்தான் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். "வேறு விதமாக முடிவு செய்யும் வரை" என்ற பாதியை அவர் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தன் காலத்திலும் மகன் காலத்திலும் அது நடக்காது என்று நினைத்தார். அவர் தலைமுறையில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி எல்லாம் முழுமையாகக் கைமாறியது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் சில வீடுகளில் எழுதிக் கொடுத்தார்கள், சில வீடுகளில் இல்லை. எங்கள் வீட்டில் இல்லை. "இங்க பொறந்தோம், இங்கயே கிடப்போம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அதோடு எங்கள் வகுப்பே கண்ணுக்குத் தெரியாமல் இரண்டாகப் பிரிந்தது. கையெழுத்துப் போட்ட வீட்டுப் பிள்ளைகள் லிசேயில் பக்கலோரெயா முடித்து, ராணுவத்துக்கோ பாரிசுக்கோ போகும் வழியில் நின்றார்கள். நாங்கள் பிரெவே பரீட்சை எழுதிவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.யூ.சி. வகுப்பில் போய் உட்கார்ந்தோம். அங்கே பாடமெல்லாம் ஆங்கிலம்.

அந்த ஒரு வருஷத்தை என்னால் மறக்க முடியாது. வேதியியல் வகுப்பில் ஆசிரியர் "நைட்ரஜன், நைட்ரஜன்" என்று பேசிக்கொண்டே போகிறார். காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதானாம். நானோ காற்றில் இருப்பது 'அசோத்' என்று படித்தவன். இது என்ன புதிதாக ஒரு வாயு என்று விழித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, கேட்க வெட்கம். கணக்கில் இன்னொரு சங்கடம். பிரெஞ்சில் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், காற்புள்ளி வைப்பார்கள். மூன்று புள்ளி ஒன்று நாலு என்பதை நான் மூன்றுக்குப் பக்கத்தில் காற்புள்ளி போட்டு எழுதுவேன். திருத்தியவர் சிவப்பு மையால் சுழித்திருப்பார். மனக்கணக்கோ இன்றைக்கும் எனக்குப் பிரெஞ்சில்தான் ஓடும். தொண்ணூற்றேழு என்பதை அவர்கள் நாலு இருபது, பத்து, ஏழு என்று சொல்வார்கள். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது நான் ஏன் அரை விநாடி மேலே பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும்.

பள்ளியில் முதல் ஐந்து பேருக்குள் வந்தவன், பி.யூ.சி.யில் வாயைத் திறக்காத பையனாகிப் போனேன். அதைச் சொன்னால்தான் அடுத்து நான் செய்தது புரியும்.

1969 ஜூலை. பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடும் நேரம். அதே மாதம்தான் பதினான்கு வங்கிகளை இந்திரா காந்தி அரசுடைமை ஆக்கினார். அப்பா கணக்கு எழுதுகிறவர் அல்லவா, அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "இனிமே பேங்குக்கு ஆளு எடுப்பான். பி.காம். போடு" என்றார். நான் பி.ஏ. பிரெஞ்சு என்று எழுதினேன்.

"தெரிஞ்ச பாஷையைப் படிக்கவா மூணு வருஷம்?" என்று கேட்டார்.

"இலக்கியம்பா" என்றேன்.

"கதை படிக்கவா மூணு வருஷம்?" என்றார். அதோடு விட்டுவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இலக்கிய ஆசையால் எடுத்தேன் என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிதான் உண்மை. ஒரு வருஷம் முட்டாளாக உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பையன், தான் முட்டாள் இல்லாத ஓர் அறையைத் தேடிப் போனான். அவ்வளவுதான். பிள்ளைகள் பாடம் எடுப்பதில் முக்கால்வாசி இப்படித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். எந்த வகுப்பில் தலை நிமிர்ந்து உட்கார முடியுமோ, அங்கே போகிறார்கள்.

லாஸ்பேட்டைக் கல்லூரிக்குச் சைக்கிளில் போவேன். அப்போது அந்தப் பக்கம் முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாக இருக்கும். மழை பெய்தால் வேட்டி பேன்ட் எல்லாம் சிவப்பு. எங்கள் வகுப்பில் பதினோரு பேர். பாதிப் பேர் என்னைப் போலத் தப்பி வந்தவர்கள்.

முதல் மாதமே ஒரு பேராசிரியர் எங்கள் கர்வத்தை அடக்கினார். பிரெஞ்சு தெரியும் என்றுதானே வந்தோம்? அரைப் பக்கம் உரைநடையைக் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறது, சொல்" என்றார். கதைச் சுருக்கம் சொன்னேன். "அது இதில் என்ன நடக்கிறது என்பதற்குப் பதில். என்ன இருக்கிறது என்று கேட்டேன்" என்றார். பிரெஞ்சுக்காரர்களுக்கு 'எக்ஸ்ப்ளிகாசியோன் தெ தெக்ஸ்த்' என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு வரி வரியாக, சொல் சொல்லாகப் போக வேண்டும். இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்? காலம் ஏன் இங்கே மாறுகிறது? நிறுத்தக்குறி ஏன்? ஒரு மணி நேரம் முழுக்க பன்னிரண்டு வரியிலேயே கிடப்போம். நம் ஊரில் பழைய உரையாசிரியர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தமிழை நான் வீட்டிலும் வாரப் பத்திரிகைகளிலும் கற்றவன்.

ராசின், கொர்நேய், மொலியேர் எல்லாம் படித்தோம். ராசின் எனக்கு ஒட்டவில்லை. ராஜாக்களும் ராணிகளும் நின்றுகொண்டு புலம்புவது போலத் தோன்றும். மொலியேர் பிடித்தது. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது பல்சாக் எழுதிய 'கர்னல் ஷாபேர்' என்ற சிறிய நாவல். நெப்போலியன் படையில் கர்னலாக இருந்தவர், 1807-ல் ஏலோ என்ற இடத்தில் நடந்த போரில் அடிபட்டு விழுகிறார். இறந்துவிட்டார் என்று பிணங்களோடு குழியில் தள்ளி மூடிவிடுகிறார்கள். அவர் எப்படியோ மண்ணைக் கிளறி வெளியே வந்து, பல வருஷம் அலைந்து, ஊர் திரும்புகிறார். காகிதத்தில் அவர் செத்தாயிற்று. மனைவி அவர் சொத்தோடு வேறு பெரிய மனிதரை மணந்து பிள்ளைகளும் பெற்றாயிற்று. தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறார். கதையே அங்கேதான் தொடங்குகிறது. பழைய மேலங்கி போட்ட கிழவரைப் பார்த்து அங்கிருக்கும் குமாஸ்தாக்கள் கேலி செய்கிறார்கள். ஒரு பையன் ரொட்டியை உருட்டி அவர் மேல் எறிகிறான்.

அதைப் படிக்கும்போது எனக்கு இருபது வயது. நானே ஒரு நாள் அப்படி ஓர் அறையில் குமாஸ்தாவாக உட்காருவேன் என்று தெரியாது.

1972-ல் பட்டம். 1973-ல் புதுச்சேரி அரசில் எல்.டி.சி. அந்த வேலைக்கு பி.ஏ. பிரெஞ்சு தேவையே இல்லை, பி.யூ.சி.யே போதும். ஆங்கில டைப்ரைட்டிங் தெரிந்தால் போதும், அதுதான் எனக்கு வராது. கோப்புகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. அப்பா நம்பிய வரி தாளில் இருந்தது, அலுவலகத்தில் இல்லை. என்னோடு பி.யூ.சி. படித்து பி.காம். போன தோழன் அப்பா சொன்னபடியே வங்கியில் சேர்ந்தான். அவன் ஆபீசராக ஆனபோது நான் இன்னும் எல்.டி.சி.தான். யூ.டி.சி. ஆக எனக்குப் பதினான்கு வருஷம் பிடித்தது. "பிரெஞ்சு படிச்சவரை எங்க போடறது? மாடிக்கு அனுப்புங்க, அங்கதான் பிரெஞ்சு இருக்கு" என்று ஒரு மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாடியில் இருந்தது பழைய பதிவேடுகள். பிறப்பு, இறப்பு, திருமணம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன 'எத்தா சிவில்'. தோல் அட்டை போட்ட பெரிய பெரிய புத்தகங்கள்; தூக்கினால் சட்டையெல்லாம் செம்பழுப்புத் தூள். வெள்ளிமீன் பூச்சி அரித்த ஓரங்கள். மழைக்காலத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் ஒரு ஆளின் பிறப்பே கிழிந்துவிடும். அங்கே நான் இருந்தது, இடையில் மூன்று வருஷம் நீங்கலாக, ஓய்வு பெறும் வரை.

பிரெஞ்சு தெரிந்தால் அதையெல்லாம் படித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். முதலில் கையெழுத்து. பிறகு நம் பெயர்கள். நம்முடைய 'உ' ஓசைக்கு அவர்கள் ஓ, யு என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். 'லட்சுமி'க்கு நடுவே டி, சி, எச் மூன்றும் வரும். 'ராமன்' என்று வெறும் 'ன்'னோடு முடித்தால் பிரெஞ்சில் அது மூக்கால் ஒலிக்கும் என்று ஓர் எழுத்தர் கடைசியில் ஓர் 'இ' சேர்ப்பார். இன்னொருவர் சேர்க்க மாட்டார். அப்பா பெயருக்கு 'இ' இருக்கும், அதே அப்பா மகன் கல்யாணத்தில் கையெழுத்துப் போட்ட இடத்தில் இருக்காது. பிறகு இந்தியப் பள்ளிச் சான்றிதழில் அதே பெயர் ஆங்கில முறையில் வேறொரு வேஷம் போட்டு நிற்கும். மூன்று எழுத்துக்கூட்டலிலும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, பதிவிலிருந்து காட்ட வேண்டும்.

யாருக்கு இதெல்லாம் வேண்டும் என்று கேட்கலாம். நம் ஊரில் 'சொல்தா' வீடுகள் எத்தனை என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்தோசீனாவிலும் மற்ற காலனிகளிலும் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் விதவைகள், பிள்ளைகள். ஓய்வூதியமோ குடியுரிமையோ, எல்லாம் ஒரு பிறப்புப் பதிவில் போய் முடியும்.

1983 என்று நினைவு. பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கணவர் சொல்தா, இறந்து இரண்டு வருஷம். விதவைக்கு வர வேண்டிய பென்ஷன் நின்று போயிருந்தது. ராணுவப் புத்தகத்தில் கணவர் பெயர் 'சாமி' என்று முடிகிறது. கல்யாணப் பதிவில் 'சாமி' இல்லை. நீங்கள் கட்டிக்கொண்ட ஆள் வேறு, எங்கள் சிப்பாய் வேறு என்று அங்கிருந்து கடிதம். பிறப்புப் பதிவு இருந்தால் கொண்டு வாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர் ஏற்கெனவே இரண்டு முறை மனுப் போட்டு, இரண்டு முறையும் "1917-ம் ஆண்டுப் பதிவேட்டில் இந்தப் பெயர் இல்லை" என்று பதில் வாங்கியிருந்தார். என்னிடம் வந்தது மூன்றாவது முறை.

"தம்பி, அவரோட அம்பது வருஷம் குடித்தனம் பண்ணேன். எம் புருசன் யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். சத்தம் போடவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த பஸ் காசை அவிழ்த்து எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

ராணுவப் புத்தகத்தை வாங்கி மேஜைமேல் வைத்தேன். அது பழக்கதோஷம், பன்னிரண்டு வரிக்கு ஒரு மணி நேரம். பிறந்த வருஷம் 1917 மாதிரிதான் இருந்தது. ஆனால் அதே பக்கத்தில் வேறிடத்தில் ஒரு நிச்சயமான ஏழு இருந்தது. அந்த ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு இருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும், ஏழுக்குக் குறுக்குக் கோடு போடாவிட்டால் விரலில் அடி விழும். காரணம், அவர்கள் எழுதும் ஒன்றுக்கு நீளமான மூக்கு. கோடு இல்லாவிட்டால் ஏழு என்று தோன்றும். பிறந்த வருஷத்தின் கடைசி எண்ணில் குறுக்குக் கோடு இல்லை. ஆகவே அது ஏழு இல்லை, ஒன்று. 1917 இல்லை, 1911.

1911-ம் வருஷப் புத்தகத்தை இறக்கினேன். பெயர் இருந்தது, 'சாமி' இல்லாமல். பதிவேட்டில் தேதியை எழுத்தால்தான் எழுதுவார்கள் என்பதால் வருஷத்தில் சந்தேகமே இல்லை. ஆனால் 'சாமி'? பக்கத்தின் இடது ஓரத்தில், பூச்சி அரித்ததுபோக மிச்சமிருந்த இடத்தில், வேறு மையில், வேறு கையில், நாலு வரி பொடி எழுத்து. 1934-ல் கோர்ட்டுத் தீர்ப்பின்படி இவர் பெயரோடு 'சாமி' சேர்க்கப்படுகிறது என்று. கல்யாணம் 1933. ராணுவத்தில் சேர்ந்தது 1935. அவ்வளவுதான் விஷயம். ஓரக் குறிப்போடு சேர்த்து நகல் எடுத்துக் கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா ஒரு மஞ்சள் பையில் நிலக்கடலை கொண்டு வந்தார். பென்ஷன் பாக்கியோடு வந்துவிட்டதாம். அலுவலகத்தில் எதையும் வாங்கக் கூடாது என்றேன். "உனக்கு யாரு குடுத்தா? நாலு பேரும் தின்னுங்க" என்று பொதுமேஜையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். என்னை மாடிக்கு அனுப்பிய அதிகாரியும் ஒரு கை அள்ளினார்.

அப்படிப் பெரிதாக ஒன்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு வரும். மற்ற நாளெல்லாம் சாதாரண நகல் எழுதுவதுதான். சலித்த நாட்கள் ஏராளம். தூசியால் வந்த இருமல் இன்னும் போகவில்லை.

சொல்தாக்களுக்கு வருஷா வருஷம் 'செர்த்திஃபிகா தெ வீ' என்று ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று. அதற்காகப் பழைய கோட்டும் மார்பில் பதக்கமுமாக வரும் கிழவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கர்னல் ஷாபேர்தான் வந்து நின்றார். எங்கள் அறையில் யாரும் ரொட்டி எறியவில்லை. ஆனால் பெஞ்சில் காத்திருக்க வைப்பார்கள். நான் சீக்கிரம் எழுந்து போய் அவர்களை உட்கார வைத்து முதலில் காகிதத்தை வாங்கிக்கொள்வேன். கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு ஏதோ வரும்படி இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். பல்சாக் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? இப்போது நாமும்தான் ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறோம். போன தடவை என் கட்டை விரல் ரேகை இயந்திரத்தில் விழவே இல்லை. ஐந்து முறை வைத்த பிறகு அந்தப் பெண், "தாத்தா, கையைத் துடைச்சிட்டு வைங்க" என்றாள். ரேகை தேய்ந்தால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமோ என்று ஒரு கணம் திக்கென்றது.

கணக்குப் பார்த்தால் என் பாடம் எனக்கு ஒரு ரூபாய் கூட அதிகமாகச் சம்பாதித்துத் தரவில்லை. பிரெஞ்சு படிக்கத் தெரிந்ததற்கு அலவன்ஸ் எதுவும் கிடையாது. 2011-ல் அசிஸ்டென்டாக ஓய்வு பெற்றேன். வங்கித் தோழன் வீடு இரண்டு மாடி; அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். மகளின் இன்ஜினியரிங் கல்லூரிப் பணத்துக்காக நான் கடன் வாங்கிய வருஷம், பி.காம். விண்ணப்பப் படிவம் கனவிலேயே வந்தது.

வரலாறு எடுத்திருக்கலாமே, அந்தப் பதிவேடெல்லாம் வரலாறுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் தொண்ணூறுகளில் ஓர் ஆராய்ச்சி மாணவர் அந்தப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். வரலாற்றில் எம்.ஏ. எத்தனையோ புத்தகம் படித்தவர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் பற்றி அவர் சொல்லித்தான் நான் ஓய்வுக்குப் பிறகு எடுத்துப் படித்தேன். துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்துகொண்டு, ராத்திரி தன் கணக்கைத் தமிழில் எழுதி வைத்த மனுஷன். ஆனால் அந்த மாணவருக்குப் பதிவேட்டுப் பக்கத்தில் ஒரு வரி ஓடவில்லை. மூன்று வாரம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வாசித்தேன், அவர் எழுதிக்கொண்டார். அவர் கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றியிருக்காது. எனக்குக் கண்ணில் பட்டது அவருக்குப் படவில்லை. ஆகவே அந்த 'எடுத்திருக்கலாமே'யை நான் விட்டுவிட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. நான் கற்றதைக் கைமாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. மகளிடம் பிரெஞ்சு எடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. என் அப்பா போல ஒரு வரியை நம்பி அவளை அனுப்ப எனக்குத் துணிவில்லை. அவள் கணக்கில் கெட்டிக்காரி. தன் விருப்பப்படி கம்ப்யூட்டர் படித்துச் சென்னையில் நன்றாக இருக்கிறாள். அலுவலகத்தில் எனக்கடுத்து வந்த பையன் அறிவாளிதான். பிரெஞ்சு வகுப்பில் காப்பிக் கடையில் பேசுவது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்திருந்தான். இரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தேன், ஏழின் குறுக்குக் கோடு முதல். நன்றாகப் பிடித்துக்கொண்டான். உடனே வேறு இலாகாவுக்கு மாற்றினார்கள். இன்றைக்குக் கடற்கரைப் பக்கம் போனால் தெருப் பலகைகளில் 'ரூ' என்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பலகையில் இருக்கும் பிரெஞ்சுக்குக் குறைவே இல்லை. 2014 நவம்பர் மழையில் பழைய மேரிக் கட்டடம் இடிந்து விழுந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. பிறகு அதே அச்சில் புதிதாகக் கட்டி நிறுத்தினார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம்.

அப்பா இறப்பதற்கு முந்தின வருஷம், 1988-ல், ஒரு மனை விஷயமாகத் தன் அப்பாவின் பழைய நொத்தேர் பத்திரத்தை எடுத்து வந்தார். அவருக்குப் பிரெஞ்சு எழுத்து தெரியும், அந்தச் சட்ட பாஷை பிடிபடவில்லை. நான் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வாய்க்கால், கிணற்றில் பாதி பாத்தியதை. முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கிணத்துல பாதி நம்மளுதா? எங்க அப்பா சொல்லவே இல்லையே" என்றார். பாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே புதுச்சேரிக்காரரின் கேள்விக்கு இப்போதைய பதில் இது: பிரெஞ்சு எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் போனேன். பேசத் தெரிந்திருந்தது, படிக்கத் தெரியவில்லை. அதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. திரும்ப 1969 வந்தாலும் அதே படிவத்தில் அதையே எழுதுவேன். டைப்ரைட்டிங்கை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வேன்.

ஓய்வுக்குப் பிறகும் சிலர் வீடு தேடி வருகிறார்கள். வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போன மாதம் பாரிசுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண், அங்கேயே பிறந்தவள், தன் கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அங்கே நாந்த் நகரத்தில் இருக்கும் மையப் பதிவகத்திலிருந்து வாங்கியதாம். என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறாள். "முசியே, எல்லா வரியும் படித்துவிட்டேன், பெயர் மட்டும் என்னவென்று தெரியவில்லை" என்றாள். எழுத்தர் இரண்டு சொல்லை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பிரித்துப் பார்த்தேன். அஞ்சலை. பின்னால் இருப்பது அவள் அப்பா பெயர். அதைச் சொன்னதும் அவள் குரல் பதிவில் சொல்லிப் பார்த்து அனுப்பினாள். முதல் தடவை 'ஆன்ஜலே' என்று வந்தது. நான் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அடுத்த பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஓரத்தில் ஏதோ எழுதியிருப்பது போலத் தெரிகிறது.